ஐகர் தெரியாத அறை

"மற்றவர்கள் விடுமுறைக்கு வரும் இடத்தில் வேலை பாருங்கள்." ஆல்ப்ஸ் மலைப்பகுதி ஹோட்டல்கள் ஆள் தேடிப் போடும் ஜெர்மன் மொழி விளம்பரங்களில் இந்த வாசகம் ஏதாவது ஒரு வடிவில் கண்ணில் பட்டுவிடும். கூடவே ஒரு படம் இருக்கும். பச்சைப் புல்வெளி, மரவீடு, பின்னால் பனி போர்த்திய சிகரம். சம்பளம் எவ்வளவு, தங்கும் அறை எப்படி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை என்பதெல்லாம் கீழே பொடி எழுத்தில் இருக்கும். அழகும் சம்பளத்தில் சேர்த்திதான் என்று அந்தப் படம் சொல்லாமல் சொல்கிறது.

சேர்த்தியா? உலகமே வந்து பார்த்து மயங்கும் ஒரு மலைக்கிராமத்தில், சொந்த நாட்டை விட்டு வந்து ஹோட்டல் வேலையில் சேருகிறவருக்கு முதல் சில வாரங்களிலேயே எழும் கேள்வி இது. ஊரில் இருப்பவர்கள் போனில் கேட்பார்கள்: "அங்கெல்லாம் ரொம்ப அழகா இருக்குமாமே?" இருக்கிறது, உண்மைதான். ஆனால் அந்த அழகு தன் வாழ்க்கையில் எந்தக் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது என்பதைத்தான் அவரால் சட்டென்று சொல்ல முடிவதில்லை.

சுவிட்சர்லாந்தின் பேர்ன் மாநிலத்து மலைப்பகுதியை எடுத்துக்கொள்ளலாம். தூன், பிரியன்ஸ் என்ற இரண்டு ஏரிகளுக்கு நடுவே இன்டர்லாக்கன். அங்கிருந்து தெற்கே போனால் லவுட்டர்புருன்னன் பள்ளத்தாக்கு. இருபுறமும் செங்குத்துப் பாறைச் சுவர்கள். அவற்றில் ஒன்றிலிருந்து ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது ஷ்டவுப்பாஹ் அருவி. பள்ளத்தாக்குக்கு மேலே ஒரு மலைத்தட்டில் வெங்கன் கிராமம். கார் போகும் சாலை கிடையாது. 1893இல் ஓடத் தொடங்கிய பல்சக்கர ரயில்தான் இன்றும் ஊருக்கு வழி. இவற்றுக்கெல்லாம் மேலே ஐகர், முன்ஹ், யுங்ஃப்ராவ் என்ற மூன்று சிகரங்கள். கடைசி இரண்டும் 4,000 மீட்டரைத் தாண்டியவை. இந்தியர்களுக்கு இந்த ஊர்கள் சினிமாப் பாட்டு வழியாகவே அறிமுகம். இந்திப் பட இயக்குநர் யஷ் சோப்ராவுக்கு 2016இல் இன்டர்லாக்கனில் ஒரு சிலையே வைத்திருக்கிறார்கள்.

சீசன் தொடங்கும்போது புதிய வேலையாள் அதே ரயிலில்தான் வருகிறார். பெட்டி முழுக்கச் சுற்றுலாப் பயணிகள். எல்லார் போனும் ஜன்னலைப் பார்த்தபடி இருக்க, இவர் மட்டும் இறங்க வேண்டிய நிலையத்தின் பெயரைத் தவறவிடக்கூடாதே என்று அறிவிப்பைக் கவனிக்கிறார். ஹோட்டலின் முன்வாசல் அவருக்கு இல்லை. பின்வாசல், துணி வெளுக்கும் இடம், சரக்கு இறக்கும் மேடை, அதைத் தாண்டி ஒரு மாடிப்படி, ஒரு சாவி. அறை சிறியது, சுத்தமானது. ஜன்னலைத் திறந்தால் எதிரில் பக்கத்துக் கட்டடத்தின் சுவர்.

இதில் வஞ்சகம் எதுவும் இல்லை, வெறும் வியாபாரக் கணக்குதான். சிகரத்தைப் பார்த்த அறைக்கு விருந்தினர் கூடுதலாகக் கொடுக்கிறார். அதை வேலையாளுக்கு ஒதுக்க எந்த முதலாளிக்கும் மனம் வராது. பழைய பெரிய ஹோட்டல்களில் கூரைக்கு அடியிலும் நிலவறையிலும் வேலைக்காரர்களைப் படுக்கவைத்த கணக்கும் இதுவே. சுவிஸ் சமூகக் காப்பீட்டு விதிகளில் வேலையாளின் சாப்பாட்டுக்கும் தங்குமிடத்துக்கும் ஒரு மதிப்பு போட்டிருக்கிறார்கள்: காலை உணவு 3.50 பிராங்க், மதியம் 10, இரவு 8, தங்குமிடம் 11.50. ஆக ஒரு நாளைக்கு 33 பிராங்க், மாதத்துக்கு 990. சம்பளச் சீட்டில் இப்படி வரிசை வரிசையாக வருகிறது. காட்சிக்கு என்று ஒரு வரிசை அதில் கிடையாது. விருந்தினரின் பில்லில்தான் அது இருக்கிறது.

இந்தக் காட்சிக்கே ஒரு பிறந்த தேதி உண்டு என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். மலைவாசிகளுக்கு நெடுங்காலம் மலை என்றால் பனிச்சரிவு, பாறை உருளல், மாடு தொலையும் இடம். கீழே நகரத்தில் இருந்தவர்களுக்குச் சுற்றிக்கொண்டு போக வேண்டிய தடை. பேர்ன் நகரத்து மருத்துவரும் தாவரவியலாளருமான ஆல்பிரெக்ட் ஃபொன் ஹாலர் 1732இல் ஆல்ப்ஸைப் பற்றிய தன் நெடுங்கவிதையை வெளியிட்டார். ஐரோப்பாவின் படித்த வர்க்கம் மலையை வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கியதில் அந்தக் கவிதைக்குப் பெரிய பங்கு உண்டு. 1779இல் ஜெர்மன் கவிஞர் கதே லவுட்டர்புருன்னனுக்கு வந்து அருவியைப் பார்த்துக் கவிதை எழுதினார். 1816இல் ஆங்கிலக் கவிஞர் பைரன் வந்தார். 1863இல் பயண முகவர் தாமஸ் குக் ஆங்கிலேயச் சுற்றுலாக் குழுவைச் சுவிட்சர்லாந்துக்கு அழைத்து வந்தார். கவிஞர்கள் கண்டுபிடித்ததைப் பயண முகவர்கள் விற்கத் தொடங்கினார்கள். மாடு மேய்த்த குடும்பங்களின் பிள்ளைகள் கோடையில் ஹோட்டல்களில் படுக்கை விரிக்கப் போனார்கள்.

காட்சியை எளிதாக எட்டுவதற்கும் ஒரு விலை இருந்தது. யுங்ஃப்ராவ்யோஹ் நிலையத்துக்குப் போகும் ரயில் பாதைக்காக ஐகர், முன்ஹ் மலைகளின் வயிற்றைக் குடைந்தது 1896 முதல் 1912 வரை. கடல் மட்டத்திலிருந்து 3,454 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்த நிலையம்தான் ஐரோப்பாவிலேயே மிக உயரமான ரயில் நிலையம். குடைந்தவர்களில் பெரும்பாலோர் இத்தாலியத் தொழிலாளர்கள். வெடி விபத்துகளிலும் பிற விபத்துகளிலும் பலர் உயிரை விட்டார்கள். இன்று மேலே போனால் பனிக்கட்டிக் குகை இருக்கிறது, இந்திய உணவகமும் இருக்கிறது. இன்டர்லாக்கனிலிருந்து போய்வர முழுக் கட்டணம் 200 பிராங்கைத் தாண்டும். கீழே ஹோட்டல் அடுக்களையில் வேலை பார்ப்பவர் அந்தத் தொகையை உடனே தன் ஊர்க் காசில் பெருக்கிப் பார்க்கிறார். பெருக்கியதும் பயணம் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகிறது.

ஹோட்டலின் ஒரு நாள் எப்படி நகர்கிறது? காலை உணவுப் பிரிவில் இருப்பவர் விடியுமுன்னே எழ வேண்டும். ரொட்டி, சீஸ், காபி இயந்திரம், முட்டை. மலையேறக் கிளம்புகிறவர்களுக்கு ஏழு மணிக்கே பசி. எட்டிலிருந்து ஒன்பதரை வரை குழந்தைகளோடு வருகிறவர்கள். அறை சுத்தம் செய்யும் பெண்களுக்கு அதற்குப் பிறகுதான் ஓட்டம். அறையைக் காலி செய்கிறவர் பதினொரு மணி வரை இழுப்பார். அடுத்தவர் இரண்டு மணிக்கே சாவி கேட்பார். இடையில் விரிப்பு, குளியலறை, குப்பை, கண்ணாடி எல்லாம் முடிந்தாக வேண்டும். வேடிக்கை என்னவென்றால், சிகரத்தை அதிகக் கோணங்களில் பார்ப்பவர் அந்தப் பெண்தான். ஒவ்வொரு அறைக்குள்ளும் போனதும் அவர் செய்யும் முதல் வேலை திரையை விலக்கி ஜன்னலைத் திறப்பது. யாரோ காசு கொடுத்து வாங்கிய காட்சி, அறைக்கு அறை, மாடிக்கு மாடி, அவர் முன்னால் திறக்கிறது. கை அதற்குள் போர்வையை உதறத் தொடங்கியிருக்கும்.

சமையலறையிலும் உணவுக்கூடத்திலும் வேலை பார்க்கிறவர்களுக்கு நாள் இரண்டாகப் பிளந்து கிடக்கும். மதிய உணவு முடிந்து இரண்டு, இரண்டரைக்கு விடுவார்கள். மாலை ஐந்து, ஐந்தரைக்குத் திரும்ப வேண்டும். நடுவில் இருக்கும் இந்த நேரத்துக்கு அங்கே சிம்மர்ஷ்டுண்டே என்று பெயர். சம்பளம் இல்லாத நேரம். தன் நேரம்தான், ஆனாலும் முழுவதும் தன்னுடையது என்று சொல்லிவிட முடியாது. மூன்று மணி நேரத்துக்குள் சிகரத்துக்குப் போய்த் திரும்ப முடியாது. ஊருக்குக் கீழே போய் அலுவலக வேலை எதையும் முடிக்கவும் முடியாது. ரயில் நேரம் ஒத்துவராது. புதிதாக வந்தவர்கள் அதைத் தூங்கியே கழிக்கிறார்கள். காலையிலிருந்து நின்ற கால்கள், அதுவரை கேட்ட நாலு மொழிகள், எல்லாமும் சேர்ந்து படுக்கையில் சாய்க்கும். எழுந்தால் தலை கனக்கும், மறுபடி மேலுடுப்பை மாட்ட வேண்டும்.

கொஞ்சம் கொஞ்சமாக ஒரு மாற்றம் வருகிறது. உடம்பு நேர அட்டவணைக்குப் பழகியதும் அந்த மூன்று மணி நேரத்தில் அரை மணி மிஞ்சுகிறது. முதலில் கடைக்குப் போகிறார்கள். பிறகு கடைக்குப் பின்னால் இருக்கும் பாதையில் நடக்கிறார்கள். மஞ்சள் நிற அறிவிப்புப் பலகைகளில் போய்ச்சேரும் இடத்தின் பெயரும், எவ்வளவு நேரம் ஆகும் என்ற கணக்கும் எழுதியிருக்கும். நாற்பது நிமிடம் என்று போட்டிருப்பதை முப்பது நிமிடத்தில் நடக்கப் பழகுகிறார்கள். சுற்றுலாப் பயணி தேடிப் போகும் இடங்கள் இவை அல்ல. ஒரு கொட்டகை, ஒரு தண்ணீர்த் தொட்டி, மாடுகள் கடக்கும் வேலி. வேலையாள் போனில் படம் எடுப்பது இப்போது குறைந்துவிட்டிருக்கும்.

ஒரு ஊரை அறிந்துகொள்வதில் வேலைக்கு ஒரு பங்கு உண்டு. காட்சியால் மட்டும் அது நடப்பதில்லை. தெற்கிலிருந்து ஆல்ப்ஸைத் தாண்டி இறங்கும் ஃபன் என்ற வெப்பக்காற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காற்று வீசும்போது வானம் துலங்கி, தூரத்துச் சிகரங்கள் கைக்கெட்டும் தூரத்தில் நிற்பதுபோலத் தெரியும். விருந்தினர்கள் பூரித்துப்போய் வராந்தாவுக்கு ஓடி வருவார்கள். அந்த ஊரில் இருப்பவருக்கோ அது எச்சரிக்கை. காற்று ஓய்ந்தால் மழை. சிலருக்கு அந்த நாட்களில் தலைவலி. 1891இல் மைரிங்கனும் 1892இல் கிரிண்டல்வால்டும் பெருந்தீயில் எரிந்ததற்கு இந்தக் காற்று காரணமாக இருந்தது. ஒரு சீசன் கடந்த பரிசாரகர் சிகரம் கிட்டத்தில் தெரிந்தால் மறுநாளைய வேலையைக் கணக்குப் போடுகிறார். நாளை யாரும் மலையேறப் போகமாட்டார்கள், கட்டுச்சோறு குறையும், மதியம் உள்ளே கூட்டம் நிறையும், சூப் கூடுதலாக வேண்டும். அதே மலை, அதே தெளிவு; ஒருவருக்கு அது காட்சி, இன்னொருவருக்குச் செய்தி. இரண்டாமவர் எதையோ இழந்துவிட்டார் என்று தோன்றலாம். அந்த ஊரில் பிறந்து வளர்ந்த விவசாயியும் மலையை இப்படித்தான் பார்க்கிறார்.

மலைக்கு வேலை தேடி வருகிறவர்களுக்கு எதிர்த்திசையில், மலையிலிருந்து வெளியே போன வாழ்க்கை ஒன்றும் உண்டு. ஹோட்டல் தொழிலுக்கே அடையாளமான சேசர் ரிட்ஸ் பிறந்தது இதே நாட்டில், வாலே மாநிலத்தின் நீடர்வால்டு என்ற மலைக்கிராமத்தில், 1850இல். விவசாயக் குடும்பத்தின் பதின்மூன்றாவது பிள்ளை. பக்கத்து ஊர் ஹோட்டலில் வேலை பழகப் போனபோது, இந்தத் தொழிலுக்கு நீ லாயக்கில்லை என்று முதலாளி திருப்பி அனுப்பியதாகச் சொல்வார்கள். பிற்பாடு ரீகி மலை உச்சியில் இருந்த ஹோட்டலில் அவர் உணவுக்கூடப் பொறுப்பில் இருந்தபோது ஒரு குளிர்நாளில் வெப்பமூட்டும் அமைப்பு பழுதானது. அமெரிக்க விருந்தினர் குழு ஒன்று வந்துகொண்டிருந்தது. செப்புப் பாத்திரங்களில் எரிசாராயம் ஊற்றி எரியவிட்டு, செங்கல்லைச் சுடவைத்துத் துணியில் சுற்றி ஒவ்வொருவர் காலடியிலும் வைத்துச் சமாளித்தாராம் ரிட்ஸ். விருந்தினர்கள் ஜன்னலுக்கு வெளியே மலையைப் பார்த்திருப்பார்கள். அவர் பார்த்தது அவர்களுடைய கால்களை. 1898இல் பாரிஸில் தன் பெயரிலேயே ஹோட்டல் திறந்தார். 1902இல் பிரிட்டிஷ் மன்னர் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழா தள்ளிப்போய், அதற்காக மாதக்கணக்கில் செய்த ஏற்பாடுகள் வீணானபோது மனம் உடைந்து விழுந்தார். 1918இல் இறக்கும்வரை பழைய ரிட்ஸ் திரும்பவே இல்லை. மற்றவர்களின் ஓய்வைக் கலையாக்கிய ஒருவருக்கு ஓய்வெடுக்கத் தெரியவில்லை என்பதை, அந்தத் தொழிலில் புதிதாக நுழைகிறவர் ஒருமுறையாவது நினைத்துப் பார்க்கலாம்.

சுவிஸ் ஹோட்டல் அடுக்களைகளில் தமிழ்க் குரல் கேட்கத் தொடங்கியது 1980களில். 1983 கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவர்கள் அடைக்கலம் கேட்டு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்த காலம். மொழி தெரியாதவருக்கு உடனே கிடைத்தது "கோப்பை கழுவுற வேலை". குசினிக்குள் நின்றவர்களை முதலில் சந்தேகமாகப் பார்த்த நாடு, சில ஆண்டுகளில் உழைப்பாளிகள் என்று சொல்லத் தொடங்கியது. கழுவினவர்களில் சிலர் காய்கறி வெட்டினார்கள், பிறகு அடுப்புக்கு வந்தார்கள், சுவிஸ் உருளைக்கிழங்கு ரோஷ்டியை அங்கே பிறந்தவர்களைவிட நன்றாகச் சுடுகிறவர்கள் என்று பெயரெடுத்தார்கள். இன்று சுவிட்சர்லாந்தில் ஏறத்தாழ 50,000 தமிழர்கள் இருப்பதாகப் பொதுவாகச் சொல்லப்படுகிறது. பேர்ன் நகரில் 2014 டிசம்பரில் திறந்த சமயங்களின் இல்லத்தில் சைவநெறிக்கூடத்தின் கோயில் இருக்கிறது. தமிழில் பூசை நடக்கிறது. அந்த முதல் தலைமுறையைக் கேட்டால் அவர்கள் சொல்லும் நினைவில் பனிச்சிகரம் குறைவு. விசா கடிதம், இரண்டு வேலை, ஊருக்கு அனுப்பிய காசு ஆகியவையே அதிகம். காத்திருக்கிற மனிதனுக்கு எந்த நிலக்காட்சியும் காத்திருக்கும் அறையாகிவிடுகிறது.

அவர்களுக்கு முன்பே இத்தாலியரும் ஸ்பானியரும் போர்த்துகீசியரும் இதை அனுபவித்திருக்கிறார்கள். சீசன் தொழிலாளர் என்ற அனுமதி அப்போது இருந்தது. ஆண்டில் ஒன்பது மாதம் வேலை, பிறகு நாட்டை விட்டுப் போய்விட வேண்டும். மனைவி பிள்ளைகளை அழைத்துவரக்கூடாது. மீறி அழைத்து வந்தவர்கள் பிள்ளைகளை அறைக்குள் ஒளித்து வைத்து வளர்த்தார்கள். அழக்கூடாது, ஜன்னல் பக்கம் போகக்கூடாது. வெளியே உலகப் புகழ் பெற்ற மலை நிற்கும். ஐரோப்பிய ஒன்றியத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த 2002இல்தான் அந்த அனுமதி முறை ஒழிந்தது. அழகான இடம் தன்னளவில் யாரிடமும் கருணை காட்டுவதில்லை. கருணையை விதிகளில் எழுதி வைக்க வேண்டியிருக்கிறது.

இன்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஹோட்டல், உணவகத் தொழில் முழுவதற்கும் பொதுவான கூட்டு ஒப்பந்தம் நாடு முழுக்கச் செல்லும். வாரத்துக்கு 42 மணி நேரம், சீசன் ஹோட்டல்களில் 43.5. வாரத்தில் இரண்டு நாள் ஓய்வு, ஆண்டுக்கு ஐந்து வாரம் விடுப்பு, பதின்மூன்றாவது மாதச் சம்பளம், பயிற்சி இல்லாதவருக்கும் ஒரு குறைந்தபட்ச ஊதியம். 1974 முதல் உணவின் விலையிலேயே பரிசாரகரின் சேவைக் கட்டணமும் அடக்கம் என்பதால், வருமானம் விருந்தினரின் மனநிலையைச் சார்ந்ததில்லை. ஆனால் தமிழ்நாட்டிலிருந்து ஒருவர் இந்த வேலைக்கு நேரே போய்விட முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு ஆண்டுதோறும் வரம்பு கட்டிய எண்ணிக்கையில்தான் அனுமதி. அதுவும் தேர்ச்சி பெற்றவர்களுக்கு. பெரும்பாலும் சுவிஸ் ஹோட்டல் கல்லூரிகளில் படிக்கும் மாணவர்கள்தான் பயிற்சிக்காலமாகச் சில மாதங்கள் இந்த மலைக்கிராமங்களுக்கு வந்து சேர்கிறார்கள். இந்தியச் சுற்றுலாக் குழு வந்தால் அவர்களைத்தான் முதலில் தேடுவார்கள். இந்தியில் பேச்சுக் கொடுப்பார்கள், பருப்பு கிடைக்குமா என்று கேட்பார்கள், வீடு எங்கே என்று விசாரிப்பார்கள். மலையைப் பற்றியும் கேட்பார்கள். வந்து இரண்டு வாரமான பையன் பத்து வருடம் இருந்தவன்போல ஒவ்வொரு சிகரமாகக் கைகாட்டிப் பெயர் சொல்வான்.

இந்த அழகு தங்களுக்கு எந்தக் கணக்கில் வரவு என்ற கேள்வியிலிருந்து உள்ளூர்க்காரர்களும் தப்பியவர்கள் அல்லர். 2,400 பேர் அளவில் வசிக்கும் லவுட்டர்புருன்னன் ஊராட்சி, பகலில் காரில் வந்து படம் எடுத்துவிட்டுப் போகிறவர்களிடம் நுழைவுக் கட்டணம் வாங்கலாமா என்று 2024இல் யோசித்தது. மலையூர்களில் வீடு கிடைப்பது கடினம். வசதி படைத்தவர்களின் விடுமுறை வீடுகள் ஆண்டின் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கின்றன. ஒரு ஊராட்சியில் இரண்டாம் வீடுகள் 20 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று 2012 பொதுவாக்கெடுப்பில் சுவிஸ் மக்கள் முடிவு செய்தார்கள். ஹோட்டலில் வேலை செய்ய வந்தவருக்கும், பல தலைமுறையாக அங்கேயே இருக்கும் தச்சருக்கும் ஒரே பிரச்சினை: காட்சிக்கு வரும் காசு நிலத்தின் விலையை ஏற்றுகிறது, அங்கே வாழ்கிறவர் அந்த விலையைக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே விளம்பரத்தில் வரும் படத்தைச் சம்பளமாக எண்ணுவது ஏமாற்றத்தில்தான் முடியும். அறை, மணி நேரம், ஓய்வு நாள், சம்பளத் தேதி ஆகியவை ஒழுங்காக இருக்கும் இடத்தில், மலை மெல்ல மெல்லத் தானே ஒருவரிடம் வந்து சேர்கிறது. இவை ஒழுங்கில்லாத இடத்தில் எத்தனை சிகரங்கள் சுற்றி நின்றாலும் களைப்புதான் மிஞ்சும். புதிதாகச் சேருகிறவர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் கேட்க வேண்டியவை மிகச் சாதாரணக் கேள்விகள்: அறையை யாரோடு பகிர வேண்டும், அடுப்பு உண்டா, பிளந்த நேர வேலை வாரத்தில் எத்தனை நாள், நவம்பரில் ஹோட்டல் மூடும்போது தங்க இடம் உண்டா, கூடுதல் மணி நேரத்தை யார் எழுதி வைக்கிறார்கள்.

சீசன் முடியும் வாரத்தில் எல்லா அடுக்களைகளிலும் ஒரே பேச்சுதான். குளிரூட்டும் அறையைக் கழுவிக்கொண்டே ஒருவர் கேட்பார்: "அடுத்த சீசனும் இஞ்சதானோ?" பதில் உடனே வராது. மேலாளர் நல்லவர், ஆனால் நேர அட்டவணையைக் கடைசி நிமிடத்தில் மாற்றுகிறார். போன மாதம் கூடுதல் நேரத்துக்குக் காசு வந்தது. அறை பரவாயில்லை, வெப்பமூட்டி மட்டும் இரவில் தட்டுகிறது. கடையில் அரிசி விலை அதிகம், பேர்னுக்குப் போகிறவர்களிடம் சொல்லிவிட்டால் வாங்கி வருகிறார்கள். பிறகு, நாலாவதோ ஐந்தாவதோ காரணமாக, கொஞ்சம் கூச்சத்தோடு, "பின்னேரத்தில நடக்க நல்லா இருக்கு" என்று ஒரு பேச்சு வரும். கேட்டவர் தலையாட்டிவிட்டு, முதலில் சொன்ன வெப்பமூட்டி விஷயத்தை மேலாளரிடம் எழுத்தில் கொடுக்கச் சொல்வார்.